இரண்டு அலுவலகங்கள், ஒரு கல்யாணம்

லாடியம், பிரிட்டோரியா
14 பிப்ரவரி 1999

அன்புள்ள பூபதி,

"நம்மகிட்ட இருந்து எடுத்து நம்மளைவிட இல்லாதவங்களுக்குக் குடுக்கறது நியாயம்னா, என் பிள்ளைங்க அந்த நியாயத்துல எங்க வர்றாங்க?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் சுகம். வெயில் கடுமை. கிரீசனுக்கு இழுப்பு குறைந்ததா? வெருஷா இப்போதாவது கண்ணாடி போட்டுக்கொள்கிறாளா?

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். ஆண் துணை இல்லாத தாய்மார்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவிப் பணம் நம் இந்திய ஆட்களுக்குக் கிடைத்தது. ஆற்றுக்கு அக்கரையில் தகரக் கொட்டகையில் இருக்கும் ஆப்பிரிக்கர்களுக்கு அநேகமாகக் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் அதே அளவில் கொடுக்க கஜானா தாங்காது என்கிறார்கள். எனவே தாய்க்குக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைத்து இரண்டு வருஷத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பதிலாக, ஏழு வயது ஆகாத குழந்தைக்கு மாதம் நூறு ரேண்ட். உன் பிள்ளைகள் இருவரும் ஏழு வயதைத் தாண்டிவிட்டார்கள். இதைப் பற்றிய அரசாங்க அறிக்கையை வாங்கி முழுவதும் படித்தேன். இது தப்பு என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரிகூட எனக்கு அகப்படவில்லை. அதனாலேயே அது எனக்குப் பிடிக்கவில்லை.

பணம் போவதை நாம் தடுக்க முடியாது. வீட்டையாவது காப்பாற்று. நகரக் கவுன்சில் தன் வாடகை வீடுகளையெல்லாம் கைகழுவப் போவதாகப் பத்திரிகையில் இருக்கிறது. குடியிருப்பவர்கள் புது ஒப்பந்தம் போட வேண்டும், போட்டவர்களுக்கு வீட்டைப் பின்னால் விற்பார்கள், போடாதவர்களை வெளியேற்றுவார்கள். தயாளன் உங்களை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. வீடு இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறதென்றால் உடனே போய் உன் பெயருக்கு மாற்று. தள்ளிப் போடாதே.

பிள்ளைகளுக்கு என் அன்பு.
தவமணி

ஹெரன்வேல் பிளாட்ஸ், டர்பன்
9 மார்ச் 1999

என் அக்காவுக்கு,

மூவரும் நன்றாக இருக்கிறோம். கிரீசனுக்கு இழுப்பு இரவில் மட்டும். வெருஷா கண்ணாடியைப் பள்ளிக்கூடம் வரை பையில் கொண்டுபோய்ப் பையிலேயே திருப்பிக் கொண்டுவருகிறாள்.

நீ சொன்னபடி வாடகை ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தது நம்ம பையன்தான், தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"டெனன்டுக்கு நீங்க யாரு ஆன்ட்டி?"

"பெஞ்சாதி."

"மேரேஜ் சர்ட்டிபிகேட் குடுங்க."

"கோயில்ல நடந்துச்சு தம்பி. எறநூறு பேர் சாப்பிட்டாங்க."

"எறநூறு பேர் சாப்பிட்டா விருந்து. மாஜிஸ்ட்ரேட் ஸ்டாம்ப் இருந்தாத்தான் கல்யாணம்."

"அப்ப நான் யாரு?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "இதுல நீங்க யாருமே இல்ல ஆன்ட்டி."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என்ன செய்வது?

உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்தைப் பதிவு செய்யலாம் என்று நீதான் சொன்னாய். "அக்கினி பாத்த கல்யாணத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் எதுக்குடி?" என்றார் அப்பா. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். வீடு கொடுத்த வருஷம் அய்யர் எழுதிக் கொடுத்த சீட்டே கவுன்சிலுக்குப் போதுமாக இருந்தது. இப்போது போதாதாம்.

இன்னொன்று. அவர் போன பிறகு உதவிப் பணத்துக்கு எழுதிக் கொடுத்தபோது வெல்ஃபேர் ஆபீஸ் அம்மாள், "பதிவு பண்ணலியா? ரொம்ப நல்லது. மணமாகாத தாய்னு போட்டுடறேன், சீக்கிரம் வந்துடும். அந்தத் தாலியை மட்டும் ஜாக்கெட்டுக்குள்ள தள்ளிக்கோ" என்றாள். தள்ளிக்கொண்டேன். ஆக, அந்த ஆபீசில் நான் கல்யாணம் ஆகாதவள். இந்த ஆபீசில் கல்யாணம் ஆனவள் என்று காட்ட வேண்டும். எந்தப் பக்கம் போவது என்று நீயே சொல்.

உன் தங்கை
பூபதி

லாடியம்
21 மார்ச் 1999

அன்புள்ள பூபதி,

உன் கடிதம் வந்தது. எனக்குச் சளி, வேறொன்றும் இல்லை.

சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். ஆப்பிரிக்கர்களின் வழக்கப்படி நடந்த திருமணங்களை ஏற்றுக்கொள்ளப் புதுச் சட்டம் வருகிறது. நம் சடங்குத் திருமணம் அதில் சேராது. அய்யர் இறந்துவிட்டார். அவர் இருந்திருந்தாலும் அவருடைய சீட்டு இப்போது செல்லாது.

மிச்சம் ஒரே வழி. குத்தகைக்காரன் தயாளன். அவனே நேரில் வந்து 'இந்த வீட்டை இவள் பெயருக்கு மாற்றுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் நீ மனைவியா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவன் எங்கே இருக்கிறான்? கேப்டவுனில் ஒரு தையல் ஃபேக்டரியில் இருப்பதாக யாரோ சொன்னார்களே. விசாரி. எனக்கு எழுது.

தவமணி

ஹெரன்வேல்
2 ஜூலை 1999

அன்பான அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம். குளிர் அதிகம். சுடுதண்ணீர் ஹீட்டரைப் போடுவதை நிறுத்திவிட்டேன்; அடுப்பில் ஒரு கேத்தல் காய்ச்சி மூன்று பேருக்கும் கலந்துகொள்கிறோம்.

பணம் ஏப்ரலிலிருந்து இன்னும் குறைந்துவிட்டது. வாங்குமிடத்தில் இப்போது இரண்டு மடங்கு கூட்டம். கேட்டுக்குப் பக்கத்தில் சோளம் சுட்டு விற்பாளே அக்கரைத் தொக்கோ, அவளும் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அந்த நூறு ரேண்டுக்கு.

"என்னா பூபா, இத்தனை வருஷம் நீ உள்ள போயி வாங்கினே, நான் வெளிய நின்னு சோளம் வித்தேன். இப்ப ரெண்டு பேரும் ஒரே வரிசை. காலு வலிக்குதா?"

"வலிக்குதுடி."

"எனக்குப் பழகிப்போச்சு. என் மேல சாஞ்சுக்கோ. புள்ளையை மட்டும் எழுப்பிடாதே."

சாய்ந்துகொண்டுதான் நின்றேன்.

அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டு உன்னிடம் இருந்தால் அனுப்பேன். கிரீசனுக்கு வெட்டித் தைக்கலாம். அப்புறம், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் புண் வந்தால் என்ன போடுவது? கீழ்வீட்டு டோலி ஆன்ட்டி கேட்கச் சொன்னாள்.

உன்
பூபதி

லாடியம்
15 ஜூலை 1999

அன்புள்ள பூபதி,

கோட்டு தனிப் பார்சலில் வருகிறது. அதை வெட்டாதே, யாருக்கு வேண்டுமோ அவர் அப்படியே போட்டுக்கொள்ளட்டும்.

டோலி ஆன்ட்டிக்குச் சர்க்கரை இல்லை. போன தீபாவளிக்கு உன் வீட்டில் உட்கார்ந்து அவள் பலகாரத் தட்டைக் காலி செய்ததை நான் பார்த்தேன். பாதத்தில் புண் வந்தால் களிம்பு போதாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

உன் சொந்த விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. வீட்டைப் பற்றியது என்பதால் மட்டும் கேட்கிறேன். தயாளன் வந்துவிட்டானா?

தவமணி

ஹெரன்வேல்
30 ஆகஸ்ட் 1999

அக்காவுக்கு,

வந்துவிட்டார். மே மாதமே வந்துவிட்டார்.

சாயங்காலம் டின் மீன் சட்னி வைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினது யார் என்று வெருஷா பார்த்துவிட்டு, "யாரோ தாத்தா வந்திருக்காரும்மா" என்றாள். நாலு வருஷத்தில் அப்படி ஆகிவிட்டார். ஃபேக்டரியை மூடி, வேலை போய், காலில் புண்ணோடு, ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றார்.

"உள்ள வரலாமா?"

"வீடு உங்க பேர்லதான் இருக்கு. என்னை ஏன் கேக்கறீங்க?"

அழுதார். கதவைத் திறந்தபடி எவ்வளவு நேரம் நிற்பது? உள்ளே விட்டேன். நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதவில்லை.

பின் அறையில் இருக்கிறார். திரை எப்போதும் மூடியிருக்கும். படிக்கட்டில் 'அப்பா' என்று சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஜூனில் வெல்ஃபேர் ஆள் சோதனைக்கு வந்தபோது ஷேவிங் பிரஷ் ஒன்று ஜன்னலிலேயே இருந்துவிட்டது. "இது யாருடையது?" என்றான். "மேசை துடைக்கறது" என்றேன். அவன் எதையோ எழுதிக்கொண்டான்.

கையெழுத்துப் போட அவர் தயார். "கையெழுத்து கையாலதானே போடணும், காலு எதுக்கு?" என்று சிரிக்கிறார். ஆனால் ஆபீசில் நேரில் வந்து போட வேண்டுமாம். மூன்று மாடி இறக்க வேண்டும். இறக்கினால் பிளாக் முழுக்கப் பார்க்கும், அடுத்த மாதமே பணம் நின்றுவிடும். விளக்கு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. டிசம்பரில் வீட்டில் வைத்துத் தைக்க வேலை தருவதாக ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அது கைக்கு வந்ததும் அவரை இறக்குகிறேன். அதுவரை மேலேயே இருக்கட்டும்.

கோட்டு அவருக்குச் சரியாக இருக்கிறது.

பூபதி

லாடியம்
12 செப்டம்பர் 1999

அன்புள்ள பூபதி,

நீங்கள் நால்வரும் எப்படி இருக்கிறீர்கள்?

அவனை உள்ளே விட்டது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. டிசம்பர் வரை காத்திருப்பது மட்டும் தவறு. போகப்போகிற பணத்துக்காக இருக்கிற வீட்டை விடக்கூடாது.

அவனை இறக்காமலே ஒன்று செய்யலாம் என்று தோன்றியது, செய்துவிட்டேன். இங்கே போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப் பத்திரம் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'என் தங்கை பூபதிக்கும் தயாளனுக்கும் 1984இல் நடந்த திருமணத்தை நான் நேரில் கண்டேன். அவர்கள் இப்போதும் அந்த வீட்டில் கணவன் மனைவியாக வாழ்கிறார்கள்' என்று. ஒரு பொய்யும் இல்லை. அதை வாடகை ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உன்னிடம் கேட்டால் நீ பயப்படுவாய் என்பதால் கேட்கவில்லை.

வெல்ஃபேர் ஆபீஸ் பற்றிக் கவலைப்படாதே. இரண்டு அரசாங்க அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசி நான் இதுவரை பார்த்ததில்லை.

அவனை ஆஸ்பத்திரியில் காட்டு.

தவமணி

ஹெரன்வேல்
3 நவம்பர் 1999

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

அவை பேசிக்கொண்டன. உன் பத்திரத்தின் நகல் ஒன்று வெல்ஃபேர் ஆள் கையில் இருந்தது. "சொந்த அக்காவே சத்தியம் பண்ணியிருக்காங்க. புருஷன் வீட்ல இருக்கான்னு போட்டிருக்கு. இது போதும்" என்றான். அக்டோபரிலிருந்து பணம் இல்லை. முன்னால் வாங்கியதையும் திருப்பிக் கேட்கலாமாம்.

சரி, வீடாவது வருமே என்று வாடகை ஆபீசுக்குப் போனேன். அதே பையன். சமயச் சடங்கு சட்டப்படி கல்யாணம் ஆகாது, எனவே பத்திரம் செல்லாது என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினான். பாவம், அவனுக்கே படிக்கக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அங்க செல்லும், இங்க செல்லாது. ஒரு கல்யாணத்துக்கே இப்படி. நல்லவேளை, அப்பப் பதிவும் பண்ணி ரெண்டு தடவ கட்டிக்கல" என்றார். ரொம்ப நாள் கழித்து இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று போன வாரம் அவரைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் மூன்று மாடியும் இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துகொண்டு வந்து பார்த்தார்கள். "ராஜா ஊர்வலம் போறாரு, வழி விடுங்க" என்று டோலி ஆன்ட்டி கத்தினாள். ஆபீசில் அவருடைய அடையாளப் புத்தகத்தைக் கேட்டார்கள். அது கேப்டவுனில் தொலைந்துவிட்டது. புத்தகம் இல்லாமல் அவர்தான் தயாளன் என்பதற்கு என்ன சாட்சி? நான் இருக்கிறேன் என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். புதுப் புத்தகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். மூன்று மாதம் ஆகுமாம்.

மறுபடியும் நாற்காலியில் மேலே ஏற்றினோம்.

பூபதி

லாடியம்
14 டிசம்பர் 1999

அன்புள்ள பூபதி,

தாமதமாக எழுதுகிறேன். நான் அதைச் செய்திருக்கக்கூடாது. இதற்கு மேல் எழுதினால் உனக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் சேரும்.

மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். கிரீசனின் மருந்தை மட்டும் நிறுத்தாதே.

நான் வேலை பார்க்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை மூடுகிறார்கள். செலவுக் குறைப்பு. போன வருஷமே தெரியும், எழுதவில்லை. இந்த வாரம் என் அறையைக் காலி செய்தேன். புத்தகங்களை வீட்டுப் பின் அறையில் அடுக்கியிருக்கிறேன். அந்த அறை அவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தேன். பகலெல்லாம் வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லாததால் இங்கே ரொம்பவும் அமைதி.

தயாளனின் கால் எப்படி இருக்கிறது? எழுது.

தவமணி

ஹெரன்வேல்
28 ஜனவரி 2000

அன்பான அக்காவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ்ஸில் கால் நீட்ட இடம் கிடைத்ததா?

நீ அவருடைய பதினாறாம் நாளுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது பெரிய காரியம். வருவாய் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் காலை கிளம்பும்போது ஏதோ சொல்ல வந்தாய் போல் இருந்தது. கடைசியில் டீ ஆறிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நீ போன பிறகு அவருடைய மரணச் சான்றிதழை வாங்கி வந்தேன். அதில் 'திருமணமாகாதவர்' என்று அடித்திருக்கிறது. முந்தின நாள்தான் அத்தனை பேருக்கு நடுவில் உட்கார வைத்து என் தாலியைக் கழற்றினார்கள். எதைக் கழற்றினார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்து பஸ் ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

அவருடைய புது அடையாளப் புத்தகம் இன்னும் வரவில்லை. இனி வந்தும் பயனில்லை. குத்தகைக்காரர் இறந்துவிட்டதால் குத்தகை முடிந்தது என்று கவுன்சில் கடிதம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. மேலே என் பெயர் இல்லை. 'சட்டவிரோதமாகக் குடியிருப்பவருக்கு' என்று இருக்கிறது. கிரீசன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அது யாரும்மா?" என்றான்.

இங்கே பிளாக்கில் எங்களைப் போல இன்னும் ஒன்பது வீடு. எல்லோருமாகச் சேர்ந்து வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறோம். காசு வாங்காமல் வாதாடுகிறார். வீட்டில் ஆள் இருக்கிறவரை வழக்கு இருக்கும், காலி செய்துவிட்டால் வழக்கும் போய்விடும் என்கிறார். ஆகவே நான் அசையப் போவதில்லை.

தையல் வேலை வந்திருக்கிறது. கண் எரிகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

பூபதி

ஹெரன்வேல்
11 ஜூன் 2000, ஞாயிறு

அக்கா,

சுகமா? மார்ச்சில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. தபாலில் எங்கேயாவது நின்றிருக்கும். அதில் கேட்டதை இரண்டாம் தரம் கேட்க வாய் வரவில்லை. அதனால் கேட்காமலே வெருஷாவை உன்னிடம் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அவள் கையிலேயே வருகிறது. பஸ் டிரைவர் நம்ம டோலி ஆன்ட்டியின் மருமகன், பார்த்துக்கொள்வான்.

கோர்ட்டில் தோற்றுவிட்டோம். மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார் வக்கீல். அதற்குள் நாளை காலை எங்களை வெளியேற்றக் கோர்ட்டின் ஷெரிப் ஆட்கள் வருகிறார்கள். நாய்களோடு வருவார்களாம். போன வாரம் அடுத்த பிளாக்கில் கண்ணீர்ப் புகை போட்டார்கள். வெருஷா பெரிய பெண்ணாகிவிட்டாள், இதையெல்லாம் பார்க்க வேண்டாம். கிரீசன் என்னை விட்டு வரமாட்டான்.

பெண்களெல்லாம் படிக்கட்டில் உட்காரப் போகிறோம். தொக்கோவும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்க கொட்டகையை இடிக்க வந்தப்ப நீங்கள்லாம் மாடியில நின்னு வேடிக்கை பாத்தீங்க."

"ஆமா" என்றேன்.

"நீ பாத்தியா?"

"துணி எடுக்கப் போனேன். பாத்தேன்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, நகரு. நடுவுல உக்காந்தா நாய் கடிக்காது. உன்னை ஓரத்துல உக்கார வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வெருஷாவுக்குச் சாம்பார் பிடிக்காது. இரவில் விளக்கை அணைக்காமல் தூங்குவாள், திட்டாதே.

உன் தங்கை
பூபதி

லாடியம்
12 ஜூன் 2000

அன்புள்ள பூபதி,

வெருஷா காலையில் பத்திரமாக வந்து சேர்ந்தாள். பஸ் நிலையத்திலிருந்து அவளே போன் செய்தாள். நான் போனபோது பையை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

உன் மார்ச் கடிதம் கிடைத்தது. தபால் எங்கும் நிற்கவில்லை.

பத்து மணியிலிருந்து டோலி ஆன்ட்டி வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மத்தியானம்தான் அவளே டெலிபோன் கார்டு போட்டு என்னைக் கூப்பிட்டாள். இருமி இருமிப் பேசினாள். "புகையை விட்டானுங்க தவமணி, கண்ணே தெரியல. படியில உக்காந்திருந்த பொம்பளைங்களை ஒவ்வொருத்தியா தூக்கிக் கீழ போட்டானுங்க. அந்த சோளக்காரிய நாலு பேரு தூக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவு கெட்டியா கம்பியைப் புடிச்சிருந்தா. வீட்டுக்குள்ள இருந்ததெல்லாம் இப்ப முத்தத்துல கெடக்கு. கதவுக்குத் தகரம் வெச்சு வெல்டிங் பண்ணிட்டானுங்க. மழ வேற வரும்போல இருக்கு" என்றாள். பிறகு உன்னிடம் கொடுத்தாள்.

நாம் பேசியதை எழுதி வைக்கிறேன். போனில் பேசியதை நான் பின்னால் மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடும்.

"கிரீசனைக் கூட்டிக்கிட்டு நீயும் வந்துடு. பின் அறையில இருந்த புஸ்தகத்தையெல்லாம் வெளிய எடுத்துட்டேன்" என்றேன்.

"இப்ப வந்தா வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கக்கா. டோலி ஆன்ட்டி சமையக்கட்டுல படுத்துக்கறோம். வக்கீலு புதன்கிழமை வரச் சொல்லியிருக்காரு" என்றாய்.

"தகரம் அடிச்ச வீட்டை வெச்சு என்ன பண்ணுவே?"

"தகரத்தைப் பேத்துடலாம். நீ வெருஷாவை ஸ்கூல்ல சேத்துடு, அது போதும். அங்க ஏரியால வீடு இருக்கிறவங்க பிள்ளையைத்தான் எடுப்பாங்களாமே. அம்மா பேரு கேட்டா உன் பேரைப் போட்டுடு."

"அதெப்படி?"

"என் பேரைப் போட்டா சர்ட்டிபிகேட் கேப்பாங்க, வீட்டு விலாசம் கேப்பாங்க. உன் பேரு எங்கயும் செல்லும்."

கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. உன் கார்டா டோலி ஆன்ட்டியுடையதா என்று தெரியவில்லை. காசை அவளுக்கு நான் கொடுத்துவிடுகிறேன்.

வெருஷா மத்தியானம் கொஞ்சம் சாப்பிட்டாள். இப்போது விளக்கைப் போட்டபடியே தூங்குகிறாள். நீ சொன்னதை நான் செய்யப் போவதில்லை. பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, தாய் என்ற இடத்தில் உன் பெயரைப் போடுவதாக இருக்கிறேன். அதுதான் உண்மை. தபாலில் போடும் முன் நாளை என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

13 ஜூன், செவ்வாய்

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பாதுகாவலராக இருந்தால் கோர்ட்டு உத்தரவு கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் தாய் தன் வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சியோடு நேரில் வர வேண்டும் என்றாள் செயலாளர். உன் விலாசம் என்ன என்று கேட்டாள். நான் வெருஷாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கரண்டு பில்லை எடுத்துக் கொடுத்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, "பொண்ணு அப்படியே அம்மா சாடை" என்றாள். முதல் பாடத்துக்கே அவளை வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தவமணி